புளியமரத்தடிப் பாறை

கண்ணாயிரம் பாறைமேல் வைத்தது குடை. கரும்பலகையில் ‘பண்டமாற்று’ என்று எழுதிவிட்டுத் திரும்பினால், அங்கே இருந்தது பலாப்பழம்.

மலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொருளாதாரத்தை அறிமுகப்படுத்துங்கள் என்று பல்கலைக்கழகம் அவரைப் புதூர்நாட்டுக்கு மேலே ஜீப்பில் அனுப்பியிருந்தது. போன வருஷம் வந்தவர் அதோடு வேலைக்கே திரும்பவில்லையாம். அந்த இடம்தான் இவருக்குக் கிடைத்தது, அதுவும் தற்காலிகமாக. கூரை ஒழுகியதால் வகுப்பு புளியமரத்தடியில் நடந்தது. மலைப் பிள்ளைகளும், அடிவாரத்து அமிர்திப் பக்கமிருந்து வந்து விடுதியில் தங்கிய பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“சார், அதுமேல ஒண்ணியும் வெக்காதீங்க,” என்று முன்வரிசைப் பாஞ்சாலை அப்போதே சொன்னாள். மனுஷன் கேட்டால்தானே. மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு குட்டிப் பிரசங்கம் செய்துவிட்டுத்தான் வைத்தார்.

குடை அவருடையதுகூட இல்லை. பேராசிரியரின் சிங்கப்பூர்க் குடை. பொத்தானை அமுக்கினால் படக்கென்று விரியும். எண்பத்திரண்டில் அது சாமானியமா? கண்ணாயிரத்தின் வேலையை நிரந்தரமாக்க வேண்டியவரும் அதே பேராசிரியர்தான். குடை தொலைந்தால் வேலையும் தொலைந்தது.

“விளையாடினது போதும், குடையைக் குடுத்துடுங்க.”

பனிமூட்டம் மரத்தடிவரை இறங்கியிருந்தது. ஒரு குருவிச் சத்தம் இல்லை.

“நாங்க எடுக்கலீங்க சார்,” என்றான் தீர்த்தகிரி. “அது இன்னா வெக்குதோ அத்த வாங்கிக்கினு போய்டணும்.”

“எதுடா?”

பையன் பாறையைக் கண்ணால் காட்டினான்.

“எனக்குப் பழம் வேண்டாம்,” என்று பலாப்பழத்தைப் பாறையிலேயே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பழம் இல்லை. ஒரு பிடி புளி இருந்தது.

“திருப்பிக் குடுத்தா வெல கொறச்சிதான் போடும் சார்,” என்றான் தீர்த்தகிரி ஆறுதலாக.

மாமனார் போட்ட கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். ஒரு படி சாமை வந்தது. குடை வரவில்லை.

“அடியில் ஏதோ பொந்து இருக்கு. நானே மேலே உட்கார்ந்து திருடனைக் கையும் களவுமாப் பிடிக்கிறேன்.”

“வேணாம் சார்,” என்று பாஞ்சாலை அழுதேவிட்டாள்.

அவர் ஏறிச் சம்மணமிட்டார். அந்தக் குளிரிலும் பாறை உடம்புச் சூடாக இருந்தது. மூட்டம் ஒருமுறை வந்து மூடி விலகியது. பார்த்தால், மடியில் பேராசிரியரின் குடை! அப்பாடா, வேலை பிழைத்தது.

“குடை கிடைச்சுடுச்சு, பார்த்தீங்களா?”

யாரும் பார்க்கவில்லை. பொத்தானை அமுக்கினார், குடை படக்கென்று விரிந்தது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டார். பிள்ளைகள் எல்லாரும் அவருக்குப் பக்கத்தில், பாறைமேல் கயிறோடு நின்ற ஒரு வெள்ளாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாஞ்சாலை கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். தீர்த்தகிரி ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்தான்.

“வெல ஏறிட்டுது பாஞ்சால. போன வருசம் வந்த சாருக்குக் கோழிதான் வெச்சுது.”