ஸ்தனிஸ்லாஸ் ஊதிய கோல்

வாழ்க, வாழ்க! காவிரித் தென்கரைக் கோநகராம் திருச்சியிலே, பாலக்கரையெனும் பழம்பதியிலே, பிணத்துக்கு முன்னும் மாப்பிள்ளைக்கு முன்னும் ஒரே கம்பீரத்தோடு நடைபோடும் நாயகன், கன்னமிரண்டும் பூரியென உப்பக் காற்றை அடக்கியாளும் கொற்றவன், பித்தளைக் குரலோன், டிரம்பெட் ஸ்தனிஸ்லாஸ் நீடு வாழ்க! காற்றே, அவன் நெஞ்சறையில் குடியிருந்தவளே, கோடைக் கோப்பை இறுதியாட்டத்தில் அவன் பட்ட பாட்டை ஒளிவுமறைவின்றி உரைத்திட எனக்கும் சிறிது மூச்சருள்வாய்! எனக்கு வீசிங் வேறு இருக்கிறது.

அவனது அன்றாடத்தை முதலில் கேளுங்கள். காலையில் புத்தூரில் ஓர் இறுதி ஊர்வலம், மாலையில் லால்குடியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு, இடையில் பஸ் கம்பியைப் பிடித்து நின்றபடியே துயில். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் வேளையிலும், பொற்சரிகைப் பின்னல் தொங்கும் செஞ்சட்டைக் கவசத்தை அவன் களைந்தவனல்லன். உள்ளே பனியன் நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடக்கும் சங்கதி ஊருக்குத் தெரியாது.

இத்தகைய வீரனுக்கும் ஒரு தீராக்குறை இருந்தது; அது கால்பந்து. இளமையில் பாலக்கரை வெண்புறா கால்பந்துக் குழுவின் இடப்புறக் காவலனாய், எதிரிகளின் கணுக்கால்களுக்கு எமனாய் அவன் திகழ்ந்ததுண்டு. ஒரு பொல்லாத பொழுதில் பறந்து வந்த பந்தொன்று அவன் உதட்டில் மோதிற்று. உதடு அதிரசமாய் வீங்க, மறுநாள் கல்யாணத்தில் டிரம்பெட்டிலிருந்து வெறுங்காற்று மட்டுமே புறப்பட, பெண்வீட்டார் முகம் சுளித்தனர். சோறு போடும் உதட்டைப் பந்துக்குப் பலியிடலாகாது என்று அன்றே அவன் களம் துறந்தான். சரி, பார்க்கவாவது போகலாமென்றால், இறுதியாட்டங்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. ஊரார் கல்யாணங்களும் ஞாயிற்றுக்கிழமை. வெண்புறா தோற்ற செய்தியையெல்லாம் அவன் ஏதோ ஓர் ஊர்வலத்தின் நடுவிலேதான் கேட்டிருக்கிறான். வாயில் டிரம்பெட் இருக்கையில் மனிதன் அழக்கூட முடியாது.

இந்த ஆண்டு விதி மனமிளகியது. அரியமங்கலத்துப் பட்டறைகளுக்கு நடுவே, இரும்புத்தூளும் செம்மண்ணும் கலந்து கிடக்கும் திடலில் நடக்கவிருந்த இறுதியாட்டத்துக்கு அவனுடைய பேண்டு செட்டையே விழாக் குழு அழைத்தது. கோல் விழுந்த கணமே பேண்டு முழங்க வேண்டும் என்பது கோடைக் கோப்பையின் மரபு. டிரம்பெட் முதலில் எழும். அதைக் கேட்டதும் கிளாரினெட்டும் பெரிய டிரம்மும் ஜால்ராவும் கேள்வி கேட்காமல் பின்தொடரும். களத்தின் ஒருபுறம் வெண்புறா. மறுபுறம், கொள்ளிடத்து மணலில் ஓடிப் பழகிய கால்களையுடைய ஸ்ரீரங்கத்துக் காளையர் குழு. வெண்புறாவின் தலைவன் டோமினிக், ஸ்தனிஸ்லாஸின் இல்லாள் ஃபெமினாவின் கூடப்பிறந்த தம்பி. அந்தக் கோப்பையை வெண்புறா ஒருமுறையும் தொட்டதில்லை. இம்முறையும் தோற்றால் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் பந்தையே மறப்பேன் என்று மாதா கோயில் வாசலில் டோமினிக் சபதம் செய்திருந்தான்.

புறப்படும் வேளையில் வீட்டரசி வாயிலில் நின்று ஆணையிட்டாள்.

“என்னங்க, என் தம்பி கோல் போட்டா பாலக்கரைக்கே கேக்கணும், அப்படி ஊதுங்க. அவங்க போட்டா உங்களுக்கு இருமல் வரட்டும்.”

திடலில் பேண்டு மாஸ்டர் பரக்கத் அலி, கிளாரினெட்டைச் செங்கோலென உயர்த்தி மற்றோர் ஆணை பிறப்பித்தார்.

“யாரு கோல் போட்டாலும் ஒரே ஊதுதான் ஸ்தனிஸ்லாஸ். நமக்குப் பாலக்கரையும் கிடையாது, ஸ்ரீரங்கமும் கிடையாது. தொழில்ல ஈமான் வேணும், நேர்மை வேணும்.”

இரண்டு ஆணைகளுக்கும் அவன் “சரிங்க” என்றே விடையிறுத்தான். கல்யாணமான எவனும் அதைத்தான் செய்திருப்பான்.

மூண்டது போர்! புழுதி எழுந்து கதிரவனை மறைத்தது. கணுக்கால்கள் கணுக்கால்களைத் தேடின. பந்தைத் தேடியவர் சிலரே. அந்தோ, இடைவேளைக்கு முன்னரே ஸ்ரீரங்கத்தார் ஒரு கோல் போட்டனர். இப்போதுதான் உண்மையான யுத்தம் தொடங்கியது. அது ஸ்தனிஸ்லாஸின் மூக்குக்கும் முகவாய்க்கும் இடைப்பட்ட சிறு நிலப்பரப்பில் நடந்தது. மேலுதடு தொழிலின் பக்கம் நின்றது. கீழுதடு மச்சினன் பக்கம் சாய்ந்தது. இருமல் வருமா என்று காத்துப் பார்த்தான்; பாழும் இருமல், வேண்டும்போது வருவதில்லை. பரக்கத் அலியின் விழி சிவந்தது கண்டு, இறுதியில் ஊதினான். அவ்வோசை கல்லறைத் தோட்டத்து வாசலில் பெட்டியை இறக்குகையில் எழும் ஓசையை ஒத்திருந்தது. விழாக் குழுத் தலைவர் சிவசங்கர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார்.

“என்ன சார் இது? கோல் போட்டவனைப் பாடையில ஏத்துற மாதிரில்ல ஊதுறீங்க!”

“வெயில்ல டிரம்பெட் சூடாயிடுச்சுங்க,” என்றான் வாய்மை தவறாத ஸ்தனிஸ்லாஸ்.

இடைவேளைக்குப் பின் காற்றுத் திசை மாறிற்று. மூவரைத் தாண்டி, நாலாமவனைத் தள்ளி, டோமினிக் அடித்த பந்து வலைக்குள் புகுந்து சுருண்டது. ஆகா, அப்போது ஸ்தனிஸ்லாஸ் ஊதிய ஊதலை என்னென்பேன்! பட்டறைத் தகரக் கூரைகள் அதிர்ந்தன, காக்கைகள் கலைந்தன, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையைச் சுட்டுக்கொண்டார். கூட வாசித்தவர்கள் முடித்த பின்னும் அவன் முடிக்கவில்லை. பரக்கத் அலி முழங்கையால் இடித்த பிறகே நிறுத்தினான்.

ஆட்டம் சமநிலையிலேயே முடிவை நெருங்கிற்று. இந்நிலையில்தான், கேளீர், டிரம்பெட் பிடித்தோர்க்கு மட்டுமே வாய்க்கும் அந்தப் பிழை நேர்ந்தது. முழக்கம் பந்தோடு ஒட்டிப் புறப்பட வேண்டுமானால் அதற்கு முன்பே மூச்சை இழுத்து வைத்திருக்க வேண்டும். இழுத்த பின் யோசித்தால் முழக்கம் பிந்திவிடும். பல்லாண்டுகளாக மணமேடைகளின் அருகில் நின்று, தாலிக் கயிறு கழுத்தை எட்டுமுன் மூச்சிழுத்துப் பழகியவன் அவன். அந்த மாப்பிள்ளைகளில் ஒருவன்கூடக் கடைசி நொடியில் கையைப் பின்வாங்கியதில்லை.

டோமினிக் பந்தோடு புயலெனப் பாய்ந்தான். எதிரே தனித்து நின்றவன் ஸ்ரீரங்கத்துக் கோல்கீப்பர் வளவன், நெடுங்கையன், நின்றால் கம்பத்துக்குக் கம்பம் நிறைப்பவன். டோமினிக்கின் வலக்கால் பின்னே போயிற்று. ஸ்தனிஸ்லாஸ் மூச்சை இழுத்தான். பாலக்கரையின் ஆசையெல்லாம் அந்த ஒரு மூச்சில் அடைந்து கிடந்தது. கால் பந்தைத் தொட்டது, புழுதி கிளம்பியது, மூச்சும் கிளம்பிவிட்டது.

முழங்கியது டிரம்பெட்! தொடர்ந்தது கிளாரினெட்! இடித்தது டிரம்! வெண்புறா வீரர் பதினொருவரும், தம் கண்ணைவிடக் காதையே நம்பினர். டோமினிக் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். மற்றவர்கள் அவன்மேல் குவியலாய் விழுந்தனர். வெண்புறாவின் கோல்கீப்பர் ரெஜிஸ், மறுகோடியில் தான் காக்க வேண்டிய வாயிலைத் திறந்து போட்டுவிட்டு, இரு கைகளையும் விரித்துக்கொண்டு ஆலிங்கனம் செய்ய ஓடி வந்தான்.

புழுதி அடங்கியபோது பந்து வளவனின் மார்போடு இருந்தது. கோட்டைத் தாண்டவேயில்லை. அவன் ஒருகணம் பேண்டைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான், ஆளற்ற எதிர்வாயிலைப் பார்த்தான். பிறகு பந்தை நெடுந்தூரம் உதைத்தான். நடுக்கோட்டுக்கு இப்பால் நின்ற ஸ்ரீரங்கத்துக்காரன் ஒருவன் அதன் பின்னே ஓடிப்போய், கோயில் குளத்தில் பொரி போடுகிறவனைப் போல நிதானமாக அதை வலைக்குள் தட்டிவிட்டான்.

குவியல் எழுந்து நடுவரைச் சூழ்ந்தது. “கோல்தான் சார், பேண்டு வாசிச்சாங்கல்ல!” என்று டோமினிக் கதறினான். நடுவர் தம் கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினார்.

“நான் விசில் அடிச்சேனா? ஆட்டம் விசிலுக்குத்தான் நிக்கும் தம்பி, டிரம்பெட்டுக்கு நிக்காது.”

ஸ்தனிஸ்லாஸுக்கு உடம்பெல்லாம் கூசிற்று. பூமி பிளந்தால் சரிகைக் கவசத்தோடு உள்ளே இறங்கிவிடச் சித்தமாயிருந்தான். பூமி பிளக்கவில்லை, பரக்கத் அலிதான் அருகே வந்தார்.

“ஸ்ரீரங்கம் கோல் போட்டிருக்கு ஸ்தனிஸ்லாஸ். ஊதுங்க.”

ஊதினான். மச்சினன் முகத்தைப் பார்க்காமலிருக்கக் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினான். கெட்டகாலம், அன்றைக்கு அவன் ஊதியதிலேயே அதுதான் சுத்தமாக வந்தது. சிறிது நேரத்தில் உண்மையான விசிலும் ஒலித்துவிட்டது.

வென்றோர் நன்றி மறப்பரோ? ஸ்ரீரங்கத்துக் காளையர் ஓடோடி வந்து ஸ்தனிஸ்லாஸைத் தோளில் தூக்கினர். வளவன் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்கே சூட்டினான். “அண்ணே, நீங்க இல்லன்னா இந்தக் கப்பு எங்களுக்கு ஏது? ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் வரைக்கும் நீங்கதான் ஊதிக்கிட்டு வரணும்!” என்று முழங்கினான். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: தோளின்மேல் உட்கார்ந்திருந்த முதல் சில நொடிகள் நம் நாயகனுக்கு இனிக்கவே செய்தன. பந்து விளையாடிய காலத்தில் அவனை யாரும் தூக்கியதில்லை. அப்புறந்தான் எதிரே, கழற்றிய பூட்ஸைக் கையில் பிடித்தபடி புழுதியில் அமர்ந்திருந்த டோமினிக் கண்ணில் பட்டான்.

குட்டியானை வண்டியில், கோப்பைக்கு வலப்புறம் நிறுத்தப்பட்டான் ஸ்தனிஸ்லாஸ். வெற்றி ஊர்வலம் புறப்பட்டது. சந்து வழியாகப் போகலாமே என்று டிரைவரிடம் கெஞ்சிப் பார்த்தான். பெரிய டிரம் சந்தில் நுழையாது என்று சொல்லிவிட்டார். எனவே அந்திச் செவ்வானம் சரிகையில் மின்ன, மாலை மார்பில் புரள, காவிரிப் பாலம் நோக்கிய அந்த வீரவுலா பாலக்கரைப் பெருந்தெருவினூடே மெள்ள மெள்ள ஊர்ந்தது. ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. தம்பி தோற்ற செய்தி போனில் வந்து சேர்ந்திருந்த ஃபெமினாவும் வந்து பார்த்தாள். அவள் இடுப்பில் கைவைத்து நின்ற கோலத்தைக் கண்டபோது, வான்முகட்டைத் துளைத்த அந்த டிரம்பெட்டுக்குப் பாதிப் பாட்டில், வேண்டிய வேளையில் வராத அந்த இருமல், வந்தே விட்டது.

மறுநாள் காலை ஸ்தனிஸ்லாஸ் டீ குடித்தது வீட்டிலல்ல, கடையில்.