பிளக் பறந்த வண்டியை வந்து எடுத்துக்கொண்டு போங்கள், மச்சான்

மெர்லிமாவ்,
புதன்கிழமை.

பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மருதமுத்து மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜெயமணியின் கணவன், தோட்டத்துக் கணக்குக் கிராணி சாமிநாதன் கைகூப்பி எழுதிக்கொள்வது. அலோர் காஜாவில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்பாராக. இங்கே ஜெயமணி சுகம். அவளைப் பற்றிய செய்தியை முதலிலேயே எழுதிவிட்டால் மீதியைப் படிக்காமல் தாங்கள் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகையால், தாங்கள் அன்போடு எனக்குக் கொடுத்த மோட்டார் சைக்கிளிலிருந்து தொடங்குகிறேன்.

கொடுக்கும்போது தாங்கள் சொன்னது ஞாபகம் இருக்கும். "இன்ஜின் தங்கம், மாப்பிள்ளை. டக்டக்னு ஒரு சத்தம் வரும், அது பழைய வண்டி பேசுற பேச்சு, காதுல வாங்கிக்காதீங்க" என்றீர்கள். பேசியது வண்டி அல்ல மச்சான், பிளக். இன்ஜின் தலையில் அது உட்காரும் ஓட்டையில் மரை தேய்ந்துபோய்விட்டது. எவ்வளவு முடுக்கினாலும் கொஞ்ச தூரம் போனதும் விழப்போகிற பல் மாதிரி ஆட ஆரம்பிக்கிறது. காலையில் சாமி கும்பிட்ட கையோடு ஸ்பேனரை எடுத்து அதை முடுக்கிவிட்டுத்தான் நான் ஆபீசுக்கே போவேன்.

நேற்று சாயங்காலம் ஜெயமணிக்கு வலி கண்டுவிட்டது. நாள் இன்னும் இருக்கிறது என்று நம்பி நாங்கள் ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. தோட்டத்து லாரி ரப்பர் ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்குப் போயிருந்தது, துரை காரோடு கிளப்புக்குப் போயிருந்தார். மருத்துவச்சி குஞ்சம்மா அக்கா இருப்பது செர்காம் போகும் வழியில் அடுத்த தோட்டத்தில். கம்யூனிஸ்ட்காரர்கள் காட்டுக்குள் இருக்கும் இந்த அவசரகாலத்தில் எங்கள் முள்வேலிக் கேட்டை இருட்டுவதற்கு முன்னால் சாத்திவிட்டால் அப்புறம் விடிந்தால்தான் திறப்பார்கள், வெளியில் நடமாடுகிறவனைக் கேள்வி கேட்காமல் சுடலாம் என்பது சட்டம். காவலுக்கு நிற்கும் வீராசாமி, "ஐயா, சாத்துறதுக்குள்ள வந்துடுங்க. அப்புறம் எங்கப்பனே வந்தாலும் நான் திறக்க முடியாது" என்றான். நானும் உங்கள் தங்கத்தை உதைத்துக் கிளப்பினேன்.

போகும்போது பிளக் ஒன்றும் செய்யவில்லை. திரும்பும்போதுதான் குஞ்சம்மா அக்கா பின்னால் உட்கார்ந்தாள். அக்கா ஆள் கொஞ்சம் பாரம், அதோடு மோட்டார் சைக்கிளில் ஏறுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. என் சட்டைக் காலரைக் கயிறு மாதிரி பிடித்துக்கொண்டு, "தம்பி, மெதுவா, தம்பி, சீக்கிரம்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு வந்தாள். போலீஸ் தடுப்புக்குப் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தேன் பாருங்கள், டமார்! பிளக் பிய்த்துக்கொண்டு பறந்து போலீஸ் கொட்டகையின் தகரத்தில் போய் அடித்தது. அங்கே நின்ற மாத்தா-மாத்தா போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் காட்டுக்காரன்தான் சுடுகிறான் என்று சாக்கடையில் குதித்துப் படுத்துவிட்டார்கள். உள்ளேயிருந்து துப்பாக்கி முனைகள் மட்டும் எங்களைப் பார்த்து நீண்டன. "ஜாங்கான் கெராக்!" என்று ஒரு சத்தம். அசையாதே என்று சொல்ல வேண்டியதே இல்லை மச்சான், எனக்குக் கையும் காலும் எப்போதோ நின்றுபோச்சு. இங்கே நான் செத்தால் அங்கே அவள் யாரும் இல்லாம கிடப்பாளே என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது.

குஞ்சம்மா அக்கா வண்டியைவிட்டு இறங்கக்கூட இல்லை. "சுடுறதா இருந்தா சீக்கிரம் சுடுங்கடா, அங்க ஒருத்தி வலியில துடிச்சிக்கிட்டு இருக்கா!" என்று தமிழில் கத்தினாள். அது யாருக்கும் புரியவில்லை என்றதும், "சாயா பிடான் லா!" என்று இரண்டு கையாலும் காற்றில் பெரிய வயிறு ஒன்றை வரைந்து காட்டினாள். பிடான் என்றால் மருத்துவச்சி என்று தெரியாத மலாய்க்காரர் உண்டா? கோப்பரல் யூசோப் என்று ஒருத்தர், மீசையெல்லாம் சேறு, எழுந்து வந்தார். பையைத் திறந்து பார்த்தார். சுக்கும் பூண்டும் இருந்தது. காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு போகிறதோ என்று முகத்தைச் சுளித்தார். "அது புள்ள பெத்தவளுக்கு, உன்னப் பெத்தப்ப உங்கம்மா தின்னதுதான்" என்றாள் அக்கா. நான் மலாயில் சொன்னேன். அவர் பையைக் கட்டி அவள் மடியிலேயே வைத்துவிட்டார்.

அப்புறம் என்ன, எல்லாருமாக லாலாங் புல்லுக்குள் பிளக்கைத் தேடினோம். சூரியன் இறங்க இறங்க எனக்கு அழுகையே வந்துடுச்சி. "அடோய்!" என்று ஒரு போலீஸ்காரன் அலறியபோதுதான் அது கிடைத்தது, அவன் விரல் வெந்துபோச்சு. அக்கா முந்தானையில் பிடித்து அதை மாட்டினாள். நிற்கவில்லை. லாரிக்காரர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன் என்று கோப்பரல் தன் சிகரெட் பெட்டிக்குள் இருந்த வெள்ளித்தாளைக் கிழித்து மரையில் சுற்றிக் கொடுத்தார். முடுக்கினால், பிடிச்சிக்கிச்சு மச்சான்! "பெலான்-பெலான், மெதுவா போ" என்றவர், என் காதருகே குனிந்து, "நாங்க சாக்கடையில படுத்ததை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லாதே லா" என்றார். செத்தாலும் சொல்ல மாட்டேன்.

எங்கள் கேட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. ஒரு கதவு சாத்தியாச்சு. மறு கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு வீராசாமி, "துருப்பிடிச்சிருக்கு துவான், அசைய மாட்டேங்குது" என்று கேட்டைச் சாத்தச் சொல்லி நின்ற போலீஸ் சார்ஜெண்டிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் உள்ளே நுழைந்ததும் அந்தக் கதவு வெண்ணெய் மாதிரி சாத்திக்கொண்டது. அக்கா முழங்கை வரைக்கும் இருந்த கரியை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துவிட்டு உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன். ஜெயமணி என்னைத் திட்டியது கேட்டது. அப்புறம் உங்களைத் திட்டியது கேட்டது. அப்புறம் ஒரு சின்னக் குரல் கேட்டது. பெண் குழந்தை, மச்சான். தாங்கள் தாய்மாமன் ஆகிவிட்டீர்கள். "தம்பி, புள்ள சத்தத்தவிட நீ அழுவுற சத்தம்தான் லயத்து வீடு பூரா கேக்குது" என்று அக்கா வெளியே வந்து முதுகில் ஒரு போடு போட்டாள்.

ஆகையால் மச்சான், தயவுசெய்து உடனே வந்து இந்த வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள். சும்மா கொடுத்தாலும் வேண்டாம். நான் நடந்தே ஆபீசுக்குப் போய்க்கொள்கிறேன். இனி ஆயுளுக்கும் இதன் மேல் கால் போட மாட்டேன் என்று மாரியம்மன் மேல் ஆணை. வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு அன்பையும் சொல்லவும். மருமகள் பெயரால் தங்களுக்கு எல்லா மங்களமும் உண்டாகுக.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
சாமிநாதன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் செர்காம் பக்கமிருந்து ஓர் ஆள் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து நிற்கிறான், அவன் பெண்சாதிக்கும் வலியாம். குஞ்சம்மா அக்கா எங்கள் வீட்டுக் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "கிளம்பு தம்பி" என்கிறாள். ஜெயமணியும் உள்ளேயிருந்து, "போயிட்டு வாங்க, நிக்காதீங்க" என்கிறாள். அம்மனிடம் அப்புறம் பேசிக்கொள்கிறேன். வண்டியை எடுக்க வர வேண்டாம் மச்சான். மருமகளைப் பார்க்க மட்டும் பஸ்ஸில் வாருங்கள்.