திட்டு வாங்கிய மாமரம்

மாமரம் மண்ணாலும் மழையாலும் பூப்பதில்லை, மந்திரத்தால்தான் பூக்கிறது. விவசாயத்தையே தலைகீழாகப் புரட்டும் இந்த உண்மையை, கோவிந்தாபுரம் டீக்கடையில் இரண்டாவது வடையைக் கடித்தபடி மாரப்பன் அறிவித்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடியவர்கள் அந்நேரம் சர்க்கார் விவசாய ஆபீசான கிருஷிபவனில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்களைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. "மண்ணைப் பையில கட்டீட்டுப் போயி ஆபீசர்கிட்ட ஜாதகம் பாக்கறானுங்க. மண்ணுக்கு என்ன, கல்யாணமா பண்ணப் போறானுங்க?"

மந்திரத்தின் உரிமையாளர் பூவழைக்கும் சாமி. ஆவணி மாதம் காரில் வருவார். கார் நிற்பதற்குள் கூட்டம் கூடிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் பாதி, செருப்பே போடாமல் ஓடிவந்தவர்கள் மீதி. மரத்தைச் சுற்றிக் குழி வெட்டச் சொல்லி, மந்திரம் ஓதி, தீர்த்தம் ஊற்றுவார். பெரிய மரத்துக்கு இரண்டு செம்பு, சின்ன மரத்துக்கு அரைச் செம்பு. அருளுக்கும் அளவு உண்டு போலும். கார்த்திகையில் தோப்பே பூத்துத் தொங்கும். காசைச் சாமி கையால் தொடமாட்டார். முதல் பறிப்பு மாங்காயை மட்டும் லாரியில் ஏற்றிக்கொள்வார். நல்ல விலை கிடைப்பது முதல் பறிப்புக்குத்தான் என்பதெல்லாம் முற்றும் துறந்தவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

இரண்டு வருடம் இப்படி நடந்ததில், மாரப்பனின் ஐந்து ஏக்கர் தோப்பில் கொழுந்து நீளாமல் கொத்துக்கொத்தாகக் குறுகிவிட்டது. இந்த வருடமும் ஊற்றினால் மரம் தேறாது என்று முதலில் சொன்னவள், தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் மயிலாத்தாள். பக்கத்துக் குத்தகைத் தோப்பில் வேலை செய்தபோது, பூக்க வைக்கும் மருந்தை இதேபோல் குழி வெட்டித்தான் ஊற்றியிருக்கிறாள். அளவு மீறி ஊற்றிய மரம் எப்படியிருக்கும் என்றும் பார்த்திருக்கிறாள்.

ஆவணியில் சாமி வந்ததும் மாரப்பன் அதை அப்படியே அவரிடம் ஒப்பித்தார். பக்தி முற்றிய மரம் கூச்சத்தில் குறுகுவது சகஜம் என்று சாமி விளக்கினார்.

மயிலாத்தாள் விடவில்லை. "சாமி, ஒரு வரிசைக்கு மந்திரம் மட்டும் சொல்லுங்க. இன்னொரு வரிசைக்குத் தண்ணி மட்டும் ஊத்துங்க. எதுல பூக்குதுன்னு பாத்துப்போடலாமுங்க."

மந்திரமும் தீர்த்தமும் புருஷன் பொண்டாட்டி போல, பிரிப்பது மகாபாவம் என்றார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. விவாகரத்துக்கு வக்கீல் வைத்திருந்த இருவர் மட்டும் சற்று மெதுவாகப் போட்டுக்கொண்டார்கள்.

தீர்த்தக் குடங்களை மயிலாத்தாளின் காவலில் விட்டுவிட்டு, சாமி மாரப்பன் வீட்டில் இலை போட்டுச் சாப்பிடப் போனார். பாயசம் மூன்று முறை வாங்கினார். அவளுக்கு அந்த நேரம் போதும்.

கார்த்திகை பிறந்தது. சாமி பூவைப் பார்க்க வந்தார். பின்னால் ஊர் வந்தது. தோப்பு முழுக்கப் பச்சைப்பசேலென்று நீளக் கொழுந்து. பெயருக்குக்கூட ஒரு பூ இல்லை. யாருக்கோ நம்பிக்கை குறைவு என்றார் சாமி. எல்லோரும் பக்கத்தில் நின்றவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

மயிலாத்தாள் அவர்களை மோட்டார் ரூமுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். சாமியின் கண்ணில் இதுவரை படாத எட்டு மரங்கள் அங்கே பூத்துக் குலுங்கின. அன்று குடத்தில் இருந்ததை மாற்றிவிட்டதாகச் சொன்னாள். தோப்புக்குக் கிடைத்தது மந்திரமும் போர்வெல் தண்ணீரும். இந்த எட்டுக்குக் கிடைத்தது தீர்த்தம் மட்டும்.

"மந்திரத்துக்குப் பதிலா நீ என்ன சொன்னே?" என்று கேட்டார் மாரப்பன்.

"திட்டுனேனுங்க. தண்டத்தீனி, தின்னுபோட்டுச் சும்மா நிக்கறயான்னு, வாய்க்கு வந்ததெல்லாம்."

கூட்டம் சற்று நேரம் யோசித்தது. பழக்கமில்லாத வேலை என்பதால் தப்பாகவே முடிந்தது. நாலு ஏக்கர் தோப்புக்காரியான சரஸ்வதியம்மாள் பொத்தென்று மயிலாத்தாள் காலில் விழுந்தார். "தாயீ, எங்க தோப்புக்கும் வந்து நாலு வார்த்தை திட்டீட்டுப் போ." பின்னாலிருந்து இரண்டு பேர் தேதி கேட்டார்கள். வசவும் ஒரு மந்திரமே என்று சாமியும் அவசரமாக வழிமொழிந்தார்.

மயிலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு மரத்தைத்தானுங்க திட்டுனேன். மத்த நாலுக்கு வாயே தொறக்கலை. அதும்தான் பூத்து நிக்குது. அப்பறம் பூத்தது எதுனாலீங்க?" மூலையிலிருந்த டிரம்மைக் காட்டினாள். "மிச்சத் தீர்த்தம் இதுல இருக்குது. சாமி ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டட்டுங்க."

சாமிக்கு அன்று விரதமாம். விரதம் எப்போது தொடங்கியது என்று யாரோ கேட்பதற்குள் கார் கிளம்பிவிட்டது. முதல் பறிப்புக்கு அந்த வருடம் லாரி வரவில்லை.

சாமி கிளம்பிய மறுவாரம் மாரப்பன் தோப்பு மண்ணை ஒரு பையில் கட்டி, அதை இன்னொரு பைக்குள் ஒளித்து, பஸ் ஏறினார். பையில் என்ன என்று கேட்டவரிடம் பழனிப் பிரசாதம் என்றார். கிருஷிபவன் வரிசையில் அவருக்கு முன்னால் சரஸ்வதியம்மாள் நின்றார். அவர் கையிலும் பிரசாதம். இருவரும் ஓடாத ஃபேனை வெகுநேரம் கவனித்தார்கள்.

தன் முறை வந்ததும் மாரப்பன் மேசைமேல் பையை வைத்து, "நீங்க என்ன சொன்னாலும் அப்படியே நம்பிக்கறேனுங்க சார்" என்றார். நம்ப வேண்டாம், முதலில் இதை நிரப்புங்கள் என்று ஆபீசர் ஒரு தாளை நீட்டினார். கடந்த வருடங்களில் மண்ணில் என்ன ஊற்றினீர்கள் என்று அதில் ஒரு கேள்வி இருந்தது.

மாரப்பன் கண்ணாடியை மாட்டி, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு எழுதினார்: "கேட்கவில்லை."

ஊரில் பாதிப்பேர் எழுத வேண்டிய பதிலும் அதுதான்.