இறங்கிக்கொண்டே போன எட்டாவது கம்பி

"மறுபடியும் ஏறுதுடா!"

கிருபாசங்கர் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அலறினான். நாளைச் சாயங்காலம் ஒரு கல்லூரி விழா மேடை. அவன் சொந்தமாகக் கட்டிய பாட்டு முதல் தடவையாக நாலு பேர் காதில் விழப்போகிறது. அந்தப் பாட்டு நிற்பதே அவனுடைய எட்டுக் கம்பிக் கிட்டாரின் எட்டாவது கம்பியில்தான். அந்தக் கம்பியோ சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஓங்கி அடித்தால் சுருதி மேலே எகிறுகிறது. அப்புறம் சாவகாசமாகக் கீழே இறங்குகிறது.

"சுருதி பாக்குற ட்யூனர் என்னடா சொல்லுது?" என்று கேட்டான் ட்ரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்த அர்ஷத். உக்கடத்தில் அவன் அப்பா முஸ்தபாவின் அட்டைப்பெட்டிக் கிடங்கு மாடிதான் இவர்களுக்குப் பயிற்சிக்கூடம்.

"அது மத்த ஏழு கம்பிக்குத்தான்டா ஆகும். இத்தனை தடிச்ச சத்தத்துக்கு முள்ளு பேய் புடிச்ச மாதிரி ஆடுது."

அதனால் எட்டாவது கம்பிக்கு மட்டும் கிருபா கனிஷ்காவை நம்பியிருந்தான். கனிஷ்கா கோபிசெட்டிபாளையத்திலிருந்து கோவைக்குப் படிக்க வந்த பெண். பேஸ் கிட்டார் வாசிக்க இப்போதுதான் குழுவில் சேர்ந்திருந்தாள். அவளுடைய கிட்டாரின் தடித்த கம்பியும் இவனுடைய எட்டாவது கம்பியும் ஒரே சுருதி. அவள் தட்டுவாள், இவன் அதைக் கேட்டுச் சேர்த்துக்கொள்வான்.

"தட்டு அம்மணி."

தட்டினாள். கிருபா தன் கம்பியை ஓங்கி ஓர் அடி அடித்தான். எகிறியது. கம்பியை முறுக்கும் கீயைத் திருகிக் கொஞ்சம் இறக்கினான்.

"இப்ப எப்படி இருக்குது?"

"நல்லாருக்குதுங்ணா."

பாட்டை ஆரம்பித்தார்கள். பாதி வருவதற்குள் மறுபடியும் இவன் கம்பி அவள் கம்பிக்கு மேலே போய் நின்றது.

கிருபா பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருப்பவன். ஓடுகிற மோட்டாரின் மேல் கையை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான் என்று அங்கே பேர். ஒரு கம்பியிடம் தோற்றுப்போனால் அந்தப் பேர் என்னாவது?

"கம்பி மெலிசு. அதான் அடிச்சா இழுபடுது," என்று தீர்ப்புச் சொன்னான்.

பையில் இருந்த தடித்த கம்பியை எடுத்து மாட்டினான். அது கிட்டாரின் தலைமாட்டில் இருக்கும் பள்ளத்தில் உட்கார மாட்டேன் என்றது. அரத்தை எடுத்துப் பள்ளத்தை ராவினான். ராவுகிற ஜோரில் ஆழமாகப் போய்விட்டது. இப்போது கம்பி தட்டுக்குத் தட்டு வண்டு மாதிரி இரைந்தது. விசிட்டிங் கார்டைக் கத்தரித்துப் பள்ளத்துக்குள் வைத்துப் பசை போட்டான். கார்டு ஒட்டியதோ இல்லையோ, அவன் ஆள்காட்டி விரல் கிட்டாரோடு நன்றாக ஒட்டிக்கொண்டது. அர்ஷத் வெந்நீர் கொண்டுவந்து அவனைப் பிரித்தெடுத்தான்.

"தட்டு அம்மணி."

தட்டினாள். எகிறியது. இறக்கினான்.

"இப்ப?"

"நல்லாருக்குதுங்ணா."

பாட்டு. பாதி. எகிறல்.

"காந்தம்டா! கீழ இருக்கிற காந்தம் கம்பியைப் புடிச்சு இழுக்குது!"

திருப்புளியால், சத்தத்தை வாங்கும் அந்தக் காந்தப் பிக்கப்பைக் கம்பிக்கு எட்டாத ஆழத்துக்கு இறக்கினான். சத்தம் செத்துப்போனது. ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருகினான். கூரைத் தகரம் முழுக்க அதிர்ந்தது. கீழே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் சரியும் சத்தம் கேட்டது.

முஸ்தபா படியேறி வந்தார்.

"தம்பி, ரொம்ப நல்லாருக்குதுங்க."

"நன்றிங்க மாமா."

"இன்னும் எத்தன நேரத்துக்குங்க நல்லாருக்கும்?"

அர்ஷத் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவைக் கீழே அனுப்பிவைத்தான். வந்ததற்கு டீ சொல்லிவிட்டுத்தான் போனார் அந்த நல்ல மனுஷன்.

டீ குடித்த தெம்பில் மறுபடியும் திருகினார்கள். திருகி இறக்க இறக்க எட்டாவது கம்பி துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கத் தொடங்கியது. தொங்கத் தொங்க இன்னும் மோசமாக எகிறியது. கடைசியில் கிருபா கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். தூக்கத்தில்கூட முனகிய பாட்டு.

"முடியலடா. நாளைக்கு என்ற பாட்டு வேண்டாம். பழைய பாட்டுகளையே வாசிச்சுக்கலாம்."

"விடுடா. மூணு பேரும் ஒண்ணா மேடை ஏறுறோமே, அதுவே எனக்குப் போதும்," என்று அர்ஷத் தோளைத் தட்டினான். அந்தத் தட்டில் கிருபாவுக்குப் பாதி பாரம் குறைந்தது.

கனிஷ்காவின் முகத்திலும் அப்படியொரு நிம்மதி.

"அப்படீங்களாண்ணா? அப்ப என்ற கம்பியைப் பழைய எடத்துக்கே ஏத்திக்கட்டுங்களா?"

கிருபா நிமிர்ந்து பார்த்தான். "உன்ற கம்பி எதுக்கு அம்மணி எறங்குச்சு?"

கனிஷ்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க எறக்குனப்பெல்லாம் நானும் கூடவே எறக்கிக்கிட்டேனுங்ணா. பெரியவங்களைப் பாத்து உங்க சுருதி எறங்கியிருக்குதுன்னு எப்படிங்க சொல்றது?"