ஆமென் என்று முடிகிற படம்

"ஜெனிஸ், நான் எப்ப செத்தனான்?"

பாரிஸிலிருந்து அண்ணன் றோய் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. குருநகரில் தன் கடையில் தேத்தண்ணியும் கையுமாக உட்கார்ந்திருந்த ஜெனிஸ் கோப்பையைக் கீழே வைத்தான். அம்மாவின் முப்பத்தோராம் நாள் அறிவித்தலைத் திறந்து பார் என்றான் றோய். திறந்தான். கறுப்புக் கரை போட்ட படத்தில் அம்மா லூர்த்தம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, 'காலஞ்சென்ற றோய், மெற்றில்டா, ஜெனிஸ் ஆகியோரின் பாசமிகு தாயார்' என்று இருந்தது.

யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலில் செத்தவருக்கு ஒரு வரி, சொந்தக்காரருக்குப் பதினைந்து வரி. ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. முன்பே இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்ப்பது முறை. அம்மா தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் மூன்று கிழமை கிடந்து இறந்தவர். அந்த மூன்று கிழமையும் ஜெனிஸ் ஒரு குறையும் வைக்கவில்லை. சாப்பாடு, உடுப்பு, மருந்து எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் இறந்த அன்று அவசரமாகச் செய்த படத்தில் சின்னம்மாவின் குடும்பம் முழுதாக விடுபட்டுப்போனது. அந்தப் படத்தின் இணைப்போ அதற்குள் எட்டு நாட்டு வட்சப் குழுக்களில் போய்க் குந்திவிட்டது. திருப்பி வாங்க வழியில்லை.

ஜெனிஸ் இணையத்தளம் செய்து பிழைக்கிறவன். அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். அந்த இணைப்பு .ஜேபிஜி என்று முடிந்தது. தளங்கள் குடியிருக்கிற கணினியான சேர்வர், அப்படி முடிகிற கோப்பை வெறும் படமென்று எடுத்து நீட்டும். அம்மாவின் கோப்புறையில் மட்டும் அப்படி நீட்டாதே, அதை ஒரு கணினி நிரலாக ஓட்டு, சொந்தக்காரர் பதிவேட்டில் இருக்கிற பெயர்களை வைத்து அது அந்த நிமிடம் வரைகிற படத்தைக் கொடு என்று சேர்வரின் அமைப்பில் இரண்டு வரி எழுதினான். இணைப்பு பழையது, படம் புதியது. ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்னர், ஒருவரும் குறை சொல்ல முடியாத அறிவித்தல் ஒன்று நிற்க வேண்டும். அம்மாவுக்குத் தான் செய்கிற கடைசிக் கடமை இது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக் கண் கலங்கினான். பொய்க் கண்ணீர் என்று சொல்ல முடியாது.

பிள்ளைகள் மூவரின் பெயரைச் சோதனைக்காக அவனே பதிவேட்டில் ஏற்றினான். மிச்சத்தைச் சரிபார்த்து ஏற்றுவது லவீனாவின் வேலை. கடையில் உதவிக்கு அவள் ஒருத்திதான். ஒருவரும் விடுபடாமல் நீயே பார்த்துச் செய், என்னை அரியண்டப்படுத்தாதே என்று சொல்லிவிட்டான். கல்யாண அட்டை வேலைகளுக்கு நடுவே அவள் நாளுக்கு நாலைந்து பெயராகச் செய்துகொண்டிருந்தாள்.

றோயின் சாவுக்குக் காரணம் பழைய பிரதிதான் என்று ஜெனிஸ் முடிவு கட்டினான். வேகத்துக்காகச் சேர்வர் ஒரு முறை வரைந்த படத்தை அரை நாள் பிடித்து வைத்திருக்கும். இனிப் பிடித்து வைக்காதே, யார் கேட்டாலும் புதிதாக வரை என்று உத்தரவு போட்டான். போட்டுவிட்டுத் திறந்தான்.

'காலஞ்சென்றவர்களான றோய், மெற்றில்டா ஆகியோரினதும் ஜெனிஸினதும்' என்று வந்தது.

ரொறன்ரோவில் இருக்கிற அக்கா மெற்றில்டாவுக்கு அழைத்தான். எடுக்கவில்லை. அங்கே நித்திரையாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டான். அடுத்த நாளும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை அவன் இன்னொரு வேலை பார்த்தான். ஒரு கோப்புறைக்கு மட்டும் தனிச்சட்டம் போட்டதால்தான் சேர்வர் குழம்புகிறது என்று எண்ணி, சட்டத்தைச் சேர்வர் முழுவதற்கும் விரித்தான். அந்தச் சேர்வரில் அவனுடைய வாடிக்கையாளர்கள் இருபத்துமூன்று பேரின் தளங்களும் இருந்தன என்பது அந்த நேரம் அவன் நினைவில் இல்லை.

ஒரு மணித்தியாலத்தில் நிரோஜினியின் தாயார் கைப்பேசியை நீட்டியபடி கடைக்குள் வந்தார். போன மாதம் நிரோஜினிக்கும் தேனுஜனுக்கும் கல்யாணம். நூற்று நாற்பது படங்களை ஜெனிஸ்தான் தளத்தில் ஏற்றிக் கொடுத்தவன்.

"தம்பி, தாலி கட்டுற படத்தைத் திறந்தா உம்மடை அம்மா சிரிக்கிறா. கேக் வெட்டுற படத்திலையும் அவதான். இதிலை எது என்ரை பிள்ளை?"

ஜெனிஸ் வாங்கிப் பார்த்தான். நூற்று நாற்பது படத்திலும் அம்மா. ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள அதே சிரிப்பு. நாற்பதாவதிலோ ஐம்பதாவதிலோ வரி மாறியது. அம்மாவின் தம்பி அடைக்கலநாதனின் பெயருக்கு முன்னாலும் இப்போது 'காலஞ்சென்ற' இருந்தது. லவீனா தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டு, சட்டத்தைப் பழையபடி சுருக்கிவிட்டு, இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த மாமா வீட்டுக்கு ஓடினான். அடைக்கலநாதன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னடா பேயைக் கண்ட மாதிரி நிற்கிறாய் என்று கேட்டார். சும்மா வந்தேன் என்று சொல்லித் திரும்பினான். மாமாவுக்கு அது புதினமாக இருந்திருக்க வேண்டும். அவன் சும்மா வந்து வருடக்கணக்கு.

வெள்ளி விடிய மாமா இறங்குதுறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. மத்தியானம் மெற்றில்டாவின் புருஷன் அழைத்தார். இரண்டு நாளாகக் கடும் காய்ச்சல், ஆளுக்கு நினைவே இல்லை, இப்போதுதான் கண் திறந்தவ என்றார்.

இவர்கள் இன்னும் போகவில்லை. போகப்போகிறவர்களைத்தான் அம்மாவின் படம் முன்கூட்டிச் சொல்கிறது என்று ஜெனிஸ் நம்பத் தொடங்கினான். ஆனால் எண்பது வயதுச் சின்னம்மா, சீனி வருத்தம், பாதிக் கண் தெரியாது, அவர் பெயருக்கு முன்னால் ஒன்றுமில்லை. சாவு ஏன் அவரை விட்டு வைத்தது என்று விளங்கவில்லை. பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம் என்றும் தோன்றவில்லை. பெயர்கள் லவீனாவின் வேலை, சேர்வர்தான் அவனுடைய வேலை.

கடைசியில் .ஜேபிஜியிலேயே ஏதோ பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தான். கோப்பு எப்படி முடிந்தால் என்ன, ஓட்டு என்று சொன்னால் சேர்வர் ஓட்டும். எனவே நிரலுக்குப் புது வால் ஒன்று வைத்தான்: .ஆமென். சிலுவை போட்டுக்கொண்டு அந்த இணைப்பை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினான்.

ஓட்டு என்று சேர்வருக்குச் சொல்ல மறந்துபோனான். .ஆமென் என்றால் என்னவென்று தெரியாத சேர்வர், நிரலின் எழுத்தை அப்படியே எல்லோருடைய கைப்பேசிக்கும் இறக்கியது. 'இறந்தவர் எனில் முன்னால் காலஞ்சென்ற சேர். அடுத்த பெயருக்குப் போ' என்ற வரியைப் படித்த லண்டன் பெரியப்பா, இது செய்வினை, ஒருவரும் திறக்க வேண்டாம் என்று குரல் பதிவு போட்டார். அதன் பிறகு திறக்காதவர்களும் திறந்தார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் ஜெனிஸ் அமைப்பைத் திருத்தினான். படம் வந்தது. எழுத்தெண்ணி வாசித்தான். மாமிமார், மச்சான்மார், பெறாமக்கள் என்று பாதிச் சொந்தம் போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளைகளில் அவன் ஒருவன்தான் மிச்சம். வெளியே கோயிலில் துக்க மணி ஒவ்வொன்றாக அடித்தது. யாருக்கென்று எட்டிப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

"லவீனா, அடுத்தது நானோ?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் திரையைக் காட்டினான். பயத்தையெல்லாம் கொட்டினான், மாமாவின் கால், அக்காவின் காய்ச்சல், சேர்வருக்குள் இருக்கிற ஏதோ ஒன்று.

"சேர்வரிலை ஒண்டுமில்லை அண்ணை. உது நான் போட்டது."

மேசை லாச்சியைத் திறந்து நாலாக மடித்த கொப்பித்தாள் ஒன்றை எடுத்தாள். ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொண்டு தெல்லிப்பழைக்குப் போனவள் அவள்தான். ஆசுப்பத்திரி வாட்டில் அம்மா தன் அறிவித்தலைத் தானே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாளாம்.

"வந்து பாக்காத, ஒரு போன் எடுத்துக் கதைக்காத ஆக்களுக்கு முன்னாலை உந்தச் சொல்லைப் போடச் சொன்னவ. அவை தனக்கு அப்பவே செத்திட்டினமாம். ஒருவரும் விடுபடாமல் ஏத்தச் சொன்னனீங்கள், அதுதான் தாளிலை இருக்கிற மாதிரியே ஏத்தினன்."

ஜெனிஸுக்கு முதலில் உயிர் வந்தது. ஒருவரும் சாகப்போவதில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்து, மூன்று நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். அப்படியானால் பிள்ளைகளில் அம்மா என் பெயரை மட்டும் விட்டிருக்கிறா என்றான். தான் செய்ததெல்லாம் அம்மாவுக்கு விளங்கியிருக்கிறது என்று நினைத்தான்.

லவீனா தாளைத் திருப்பி மடித்தாள்.

"உங்கடை பேரைத்தான் அண்ணை, அம்மா முதல் சொன்னவ. எனக்குத்தான் மனம் வரேல்லை, கடைசியாப் போடுவமெண்டு வைச்சிருக்கிறன்."