ஃபோன் வாங்கப் பூ கட்டினேன்

இந்தத் தடவை நான்தான் ஜெயிக்கப் போறேன்னு முடிவு பண்ணிட்டேன். கல்யாணம் ஆகிப் பதினேழு வருஷத்துல என் பொண்டாட்டி மலர்விழிகிட்ட எந்த விஷயத்திலயும் நான் ஜெயிச்சதில்ல. ஃபேன் எந்த நம்பர்ல சுத்தணும்ங்கறதுலகூட. ஆனா அடுத்த மாசம் வரப்போற அந்தப் புது ஃபோன் விஷயத்துல விட்டுக் குடுக்கறதே இல்லன்னு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிக்கினே சபதம் எடுத்தேன். எடுத்து முடிக்கறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு. அவ்ளோ பெரிய சபதம்.

நான் ஒரு அரிசி மில்லுல சூப்பர்வைசர். என் ஃபோனுக்கு நாலு வயசு ஆவுது. அதுல இன்னா குறைன்னு கேட்டீங்கன்னா, ஒரு குறையும் இல்ல. அதான் எனக்குப் பெரிய குறை. ஒரேயடியா செத்துத் தொலைச்சா புதுசு வாங்கலாம். சாக மாட்டேங்குதே. ரெண்டு தடவை மில்லு மாடியில இருந்து விழுந்துச்சு. ஒரு நாள் முழுக்கத் தவிட்டு மூட்டைக்குள்ள கெடந்துச்சு. எடுத்து ஊதித் தட்டினா, எண்பது பர்சன்ட் சார்ஜ் இருக்குன்னு காட்டுது. வெக்கங்கெட்ட ஃபோன்.

மில்லுக்கு எதிர்ல ஃபோன் கடை வச்சிருக்கறவன் அலெக்ஸ். என் சிநேகிதன். வரப்போற ஃபோனைப் பத்தி, அதைச் செய்யற கம்பெனிக்காரனுக்கே தெரியாத சேதியெல்லாம் அவனுக்குத் தெரியும். தெனமும் மத்தியானம் என் பாக்கெட்ல இருக்கற வறுத்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, தின்னுக்கினே ஒரு வீடியோ காட்டுவான். ஒரு நாள் கேமரா, ஒரு நாள் பேட்டரின்னு பார்த்துப் பார்த்து எனக்குச் சோறே இறங்கல.

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மலர்விழி தையல் மிஷின்ல உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வச்சிக்கினு இருந்தா. எங்க தெருவுல பாதிப் பேர் ஜாக்கெட்டு அவ தைக்கறதுதான். மிஷின் ஓடும்போது எங்கிட்ட சண்டைக்கு வர மாட்டா, தையல் கோணிக்கும். அந்த நேரம் பார்த்து ஆரம்பிச்சேன்.

"மலரு, அடுத்த மாசம் ஒரு ஃபோன் வருது."

"வரட்டும்."

"அதுல ஏஐ இருக்கு. நமக்குப் பதிலா அதுவே யோசிக்கும்."

"அதுக்குத்தான் இந்த வீட்ல நான் இருக்கேனே."

முதல் அடி. நான் அசரல.

"கேமராவுல நூறு மடங்கு ஜூம். நிலாவுல இருக்கற பள்ளம்கூடத் தெரியும்."

"நம்ம தெருவுல இருக்கற பள்ளம் தெரியாம போன வாரம் வண்டியோட விழுந்தீங்க. முழங்கால்ல போட்ட கட்டு இன்னும் பிரிக்கல."

முழங்காலை மெதுவா உள்ள இழுத்துக்கினேன்.

"டவரே இல்லாத எடத்துல இருந்தும் மெசேஜ் போவும். நேரா சாட்டிலைட்டுக்கு."

"டவர் இல்லாத எந்தக் காட்டுக்கு நீங்க போறீங்க?"

"கூட்டேரிப்பட்டுல பாலத்துக்குக் கீழ போனா டவர் போயிடுதே."

"அங்க நான் கூப்பிட்டாதான் போவுது. அலெக்ஸ் அண்ணன் கூப்பிட்டா நல்லா கேக்குதாமே."

"சரி, அதை விடு. எதிர்ல இருக்கறவன் இந்தியில பேசினா நம்ம காதுல தமிழ்ல விழும்."

"உங்ககிட்ட இந்தியில யாரு பேசறா?"

"கடன் வேணுமான்னு ஒரு பொண்ணு அடிக்கடி கூப்பிடுது."

மிஷின் நின்னுச்சு.

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லுதுன்னு உங்களுக்குத் தமிழ்ல தெரியணுமா?"

"இல்ல இல்ல. சும்மா ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன்."

மிஷின் மறுபடி ஓடுச்சு. நான் மூச்சு விட்டேன். இப்படி அடிபட்டு அடிபட்டுதான் ஆம்பளைக்கு உடம்பு தேறுது. அடுத்த அஸ்திரத்தை எடுத்தேன்.

"போட்டோவுல வேண்டாத ஆளுங்களை ஒரே தட்டுல அழிச்சிடலாம். இருந்த எடமே தெரியாது."

"எங்க அண்ணனைத்தானே சொல்றீங்க?"

"ச்சே. நான் ஏன் மச்சானைச் சொல்லப் போறேன்?"

"கல்யாண ஆல்பத்துல அவர் மூஞ்சி மேல கட்டை விரலை வச்சிக்கினுதானே பார்ப்பீங்க. உங்களுக்கு அந்த வேலைக்கு விரலே போதும்." நூலைப் பல்லால கடிச்சா. "ஏங்க, நீங்க சொல்றதுல பாதி ஐட்டம் உங்க பழைய ஃபோனுக்கே அப்டேட்ல வருதாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "யாரு சொன்னா?"

"அலெக்ஸ் அண்ணன்தான். நேத்து அவர் சம்சாரம் ஜாக்கெட்டு குடுக்க வந்தாங்க, கூட வந்தாரு. மிச்சம் பாதி அவருக்கே எதுக்குன்னு தெரியலையாம். பேட்டரி மட்டும் மாத்திக்கினா இன்னும் மூணு வருஷம் உங்க ஃபோன் தாராளமா ஓடும்னாரு."

துரோகி. தின்ன மல்லாட்டைக்காவது விசுவாசம் இருக்க வேணாமா?

ஆனா கடைசியா ஒரு துருப்புச் சீட்டு வச்சிருந்தேன். குரலைக் கொஞ்சம் கனிய வச்சிக்கினு சொன்னேன். "எனக்காகவா கேக்கறேன்? நான் புதுசு வாங்கினாத்தானே என்னுது உனக்கு வரும்."

மலர்விழி மிஷின் மேல இருந்த அவ ஃபோனை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. "இதுவும் நீங்க வச்சிருந்ததுதான். இதுக்கு முன்னால இருந்தது அதுக்கும் முன்னால நீங்க வச்சிருந்தது. கஸ்டமருங்க கழுத்து டிசைன் அனுப்பினா போட்டோ வர மாட்டேங்குது, ஒரு வட்டம் சுத்திக்கினே கெடக்குது. நான் அந்த வட்டத்தையே டிசைன்னு நெனைச்சு, போன மாசம் ஜெயம் அக்காவுக்கு வட்டக் கழுத்து வச்சித் தச்சிட்டேன். அவங்க கேட்டது பானைக் கழுத்து."

"அதான் சொல்றேன். என்னுது வந்துச்சுன்னா சுத்தாது."

"ரெண்டு வருஷம் கழிச்சு அதுவும் சுத்தும். பேஜாரு புடிச்ச பேச்சை விட்டுட்டு சாப்பிட வாங்க."

பேசி ஜெயிக்க முடியாதுன்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. பேச்சுல முடியாததை சாமி பேரால முடிக்கலாம்.

மலர்விழிக்குப் பொறந்த வீடு மயிலம் பக்கம். அவங்க வீட்ல போர் போடணும்னாலும் சரி, பொண்ணு குடுக்கணும்னாலும் சரி, மலை மேல முருகன் சந்நிதியில பூ கட்டிப் பார்த்துட்டுத்தான் மறு வேலை. ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, ஒண்ணுல சிவப்புப் பூ. வாழை இலையில வச்சு, எது எதுன்னு வெளிய தெரியாம நாரால கட்டி, சாமி காலடியில வைப்பாங்க. கேள்வியைச் சொன்னதும் அர்ச்சகர் ஒண்ணை எடுத்துப் பிரிப்பாரு. வெள்ளை வந்தா செய்யலாம். சிவப்பு வந்தா வேணாம். அதுக்கு மேல அப்பீல் கெடையாது. என்னைக் கட்டிக்கலாமான்னு கேட்டப்பவும் வெள்ளைதான் வந்துச்சாம்.

"நீயும் பேச வேணாம், நானும் பேச வேணாம்," அப்படின்னேன். "முருகன்கிட்டயே கேட்டுடலாம். வெள்ளை வந்தா ஃபோன் வாங்கறேன். சிவப்பு வந்தா இந்த ஜென்மத்துல அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

என்னை மேலயும் கீழயும் பார்த்தா. "ஒரு தடவை அவரைக் கேட்டு நான் பட்டது போதாதா?"

"இன்னா, பயமா?"

"எனக்கு இன்னா பயம்? வர்ற வெள்ளிக்கிழமை போலாம்."

"பொட்டலத்தை நானே கட்டறேன்."

"கட்டுங்களேன்."

அவ்ளோ சுலபமா ஒத்துக்கினா. அங்கயே நான் உஷாரா இருந்திருக்கணும். எங்க இருந்தேன், புது ஃபோனுக்கு எந்தக் கலர் கவர் போடலாம்னு யோசிச்சிக்கினு இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பூக்கடை வச்சிருக்கற வீரம்மாள்கிட்ட போனேன். பூ கட்டிப் பார்க்கன்னு சொன்னதும் அந்தம்மா ஒரு கையில மல்லியையும் இன்னொரு கையில செவ்வரளியையும் எடுத்துச்சு. "அரளி வேணாம்மா, ரெண்டுமே மல்லியா குடு," அப்படின்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு. நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு மூலையில போய் நின்னுக்கினு, ரெண்டு பொட்டலத்துலயும் மல்லியையே வச்சு, நாரை மூணு சுத்து சுத்தி, என் கையால இறுக்கிக் கட்டினேன்.

பாவம் இல்லையான்னு கேப்பீங்க. முருகனுக்கு ஆயிரம் பேர் கொறை கேக்கற வேலை இருக்குது. என் ஃபோனுக்காக அவர் ஒருத்தர் தனியா உட்கார்ந்து யோசிக்கணுமா? அந்தச் சிரமத்தைக் கொறைச்சேன், அவ்ளோதான்.

வண்டியில கெளம்பினோம். பொட்டலம் ரெண்டும் பின்னால மலர்விழி மடியில. கூட்டேரிப்பட்டு தாண்டி மயிலம் ரோட்டுல திரும்பறப்போ கண்ணாடியில பார்த்தேன். ஒரு பொட்டலத்தை எடுத்து மூக்கு கிட்ட வச்சா. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணையும் எடுத்து வச்சா. அப்புறம் பெருமூச்சு விட்டு, "முருகா, நீதான்பா துணை," அப்படின்னா. அவளுக்கு பக்தி ஜாஸ்தி. எனக்கே ஒரு நிமிஷம் மனசு இளகிப்போச்சு.

சந்நிதியில நல்ல கூட்டம். எங்க முறை வந்ததும் அர்ச்சகர் பொட்டலம் ரெண்டையும் வாங்கி சாமி காலடியில வச்சாரு. "என்ன கேக்கணும்? சொல்லுங்க."

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மலர்விழி முந்திக்கினா. நாலு பேர் காதுல விழற மாதிரி சொன்னா. "சாமி, வெள்ளை வந்தா இவருக்கு இருக்கற பழைய ஃபோனே போதும். சிவப்பு வந்தா புதுசு வாங்கலாம்."

"ஏய், மாத்திச் சொல்ற. வெள்ளைதானே உத்தரவு?"

"உத்தரவுதான். பழசையே வச்சிக்கறதுக்கு உத்தரவு."

"வீட்ல அப்படியா பேசினோம்? வழக்கம்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

"எப்படிக் கேட்டா இன்னாங்க? வாங்கித் தரணும்னு முருகன் நெனைச்சா, சிவப்பை எடுத்துக் குடுத்துட்டுப் போறாரு. அவருக்கு இன்னா கஷ்டம்? பொட்டலம் ரெண்டும் உங்க கையால கட்டினதுதானே?"

அர்ச்சகர் சிரிச்சாரு. "அம்மா சொல்றது நியாயம்தான். எதுல எது இருக்குன்னு சாமிக்குத் தெரியாதா?"

பின்னால இருந்து ஒருத்தர், "கொஞ்சம் ஜல்தி ஆவட்டும்ங்க," அப்படின்னாரு.

அந்தக் கோயில்ல நின்ன அத்தனை பேர்ல, சிவப்பு வரவே வராதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நான். அப்படித்தான் அப்ப நெனைச்சிக்கினு இருந்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

அர்ச்சகர் ஒரு பொட்டலத்தை எடுத்தாரு. பிரிச்சாரு. கமகமன்னு வாசனை. "வெள்ளை. பழசே போதும்ங்கறாரு முருகன்." மல்லியை என் கையில போட்டாரு.

நாலு மாசமா பார்த்த வீடியோ, நூறு மடங்கு ஜூம், சாட்டிலைட்டு, எல்லாம் ஒரு பிடி மல்லியா என் கையில கெடந்துச்சு. போவட்டும். ஃபோன் போனா போவுது, மானமாவது தப்பிச்சுதேன்னு மனசைத் தேத்திக்கினு, மிச்சம் இருந்த பொட்டலத்தை எடுக்கக் கையை நீட்டினேன்.

"இருங்க," அப்படின்னா மலர்விழி. "சாமி, எனக்கும் ஒரு கேள்வி இருக்குது. எனக்கு ஒரு புது ஃபோன் வாங்கலாமா? இந்தப் பொட்டலத்துல சிவப்பு இருந்தா வாங்கலாம். இல்லன்னா வேணவே வேணாம்."

அர்ச்சகருக்கு ஒண்ணும் புரியல. "ஏம்மா, வெள்ளைதான் வந்தாச்சே. மிச்சம் இருக்கறது சிவப்பாத்தானே இருக்கும். இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அப்படீங்கறீங்க? எதுக்கும் பிரிச்சே பார்த்துடுங்க சாமி. சந்தேகம் வேணாம்."

அவர் பொட்டலத்தை எடுத்தாரு. விரல் நாருக்குள்ள போச்சு. பிரிச்சா மல்லி. அவளுக்கு ஃபோன் கெடையாது, வாஸ்தவம்தான். ஆனா ரெண்டுலயும் வெள்ளையை வச்சு முருகனையே ஏமாத்த வந்த ஆளுன்னு, திண்டிவனம் வரைக்கும் என் பேர் போவும். அவங்க அண்ணன் காதுக்கும் போவும். முதல் சுத்து நார் அவுந்துச்சு. ரெண்டாவதும் அவுந்துச்சு.

"வேணாம் சாமி," அப்படின்னேன். "பிரிக்க வேணாம். சிவப்புதான்."

"நெசமாவா?" அப்படின்னா மலர்விழி. "சந்நிதியில நின்னுக்கினு சொல்றீங்க."

"சிவப்புதான். நானேதானே கட்டினேன்."

"அப்போ வாங்கித் தர்றீங்க."

"தர்றேன்."

"பழசு இல்ல. புதுசு."

"புதுசுதான்."

அர்ச்சகர் ரெண்டு பேருக்கும் விபூதி குடுத்தாரு. பாதி அவுந்த பொட்டலத்தை வாங்கி மடிச்சு, யார் கண்ணுலயும் படாம சட்டைப் பாக்கெட்ல திணிச்சிக்கினேன். படி எறங்கற எடத்துல எங்கயாவது ஓரமா வீசிடணும். அது ஒண்ணுதான் பாக்கி. விஷயம் வெளிய வராம சமாளிச்சதே ஒரு வெற்றிதானேன்னு நெனைச்சிக்கினு படி எறங்கினேன்.

ரெண்டு படி முன்னால போய்க்கினு இருந்த மலர்விழி, நின்னு, திரும்பி, கையை நீட்டினா.

"அந்தப் பொட்டலத்தை இப்படிக் குடுங்க. பாக்கெட்லயே கெடந்தா மல்லி வாடிப்போயிடும், தலையிலயாவது வச்சிக்கறேன்."