கம்பளியக்காவின் அண்டா

ஆவடி வெயிலில் என்னைக் குளிரால் நடுங்க வைத்த ஒரே ஆள் கம்பளியக்காதான். சித்திரை மாசத்து மத்தியானம், பேக்டரி குவார்ட்டர்ஸே வெந்துகொண்டிருக்கும்; அவள் மட்டும் ஸ்வெட்டர், அதற்கு மேலே சால்வை, காலில் சாக்ஸ். அந்த சாக்ஸ்தான் வில்லங்கம். அடுப்படியில் நாம் பாட்டுக்குத் தாளித்துக்கொண்டிருப்போம். சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நின்று பிடரியில் கை வைப்பாள். பிணத்தின் கை மாதிரி சில்லென்று இருக்கும். "எண்ணெ கம்மியா ஊத்துடி" என்று ஒரு கரகரத்த குரல் வரும். பயத்தில் கரண்டியைக் கீழே போடாத பெண் எங்கள் வரிசையில் கிடையாது.

எண்ணெய் மேல் அவளுக்கு அப்படி ஒரு கிலி. அவள் அண்ணன் நெஞ்சுவலியில் பொசுக்கென்று போனவர். ரத்தத்தில் கொழுப்பு என்றார்களாம். அக்காவுக்கும் அதே கொழுப்பு. முட்டையை விட்டாள், தேங்காயை விட்டாள், கடைசியில் தாளிப்பையே விட்டாள். அது இறங்குவேனா என்றது. அடுத்தது தான்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

ஒருநாள் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவரை வாசலில் உட்காரவைத்து, தன் பாத்திரங்களில் எங்கள் வரிசைப் பெண்களின் பேர்களை வெட்டச் சொன்னாள். மத்தியானம் பூரா டொக் டொக்கென்று உளிச்சத்தம். என்னைக் கூப்பிட்டுப் பெரிய அண்டாவைக் காட்டினாள். அதில் என் பேர் பளபளத்தது.

"இன்னாக்கா இது?"

"நான் போய்ட்டா நீங்க அடிச்சிக்கக் கூடாதுல்ல, அதான்."

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டுக்காரிக்கும் இறங்கவில்லை, தனக்கு வெறும் தூக்குவாளிதானா என்று.

நல்லவேளை, ஆஸ்பத்திரிக்குப் புதுசாக ஒரு டாக்டரம்மா வந்தார். வெயிலில் ஸ்வெட்டரைப் பார்த்ததுமே சாப்பாட்டுப் பேச்சை விட்டுவிட்டு அக்காவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாராம். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு கொஞ்சம் மந்தம். அது மந்தமானால் வெயிலிலும் குளிருமாம், கொழுப்பும் தேங்குமாம். பொட்டு மாதிரி ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காபியைத் தொடக் கூடாது.

மாத்திரை கேட்குமா, கேட்காதா? மாசக்கணக்கில் அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே நடமாட்டம் இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டேதான் போவேன். வீடு சத்தமில்லாமல் கிடந்தால் எனக்குப் பகீரென்னும்.

ஒரு மத்தியானம் ரத்த ரிப்போர்ட்டோடு வந்து நின்றாள்.

"கொழுப்பு எறங்கிக்கீதுடி. பூரா இல்ல. ஆனா எறங்கிக்கீது."

அப்புறம் கறாராக, "அண்டா இப்போதைக்கு உனக்குக் கெடையாது" என்றாள்.

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. "அது எனக்கு வேணவே வேணாம்க்கா" என்று அவளைக் கட்டிக்கொண்டேன்.